விலகிய குண்டையும் எண்ணுங்கள்

சென்ற வாரம் ராமாபுரத்திலிருந்து என் தமக்கை மகள் ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தாள். வெள்ளைத் தாளில் ஒன்றோடொன்று ஒட்டியவாறு மூன்று துளைகள். மூன்றையும் ஒரு சட்டைப் பொத்தானால் மூடிவிடலாம். கீழே ஒரு வரி: “ஐம்பது மீட்டரில் சுட்டது, மாமா. குழல் இப்படி இருந்தால் வாங்கிவிடலாம் அல்லவா?”

அவள் முதுகலைக் கணிதம் பயில்கிறாள். துப்பாக்கி மன்றத்தின் பொதுத் துப்பாக்கியைக் கொண்டு, படுத்த நிலையில் 0.22 இலக்குச் சுடுதல் பழகி வருகிறாள். உரிமம் கைக்கு வந்துவிட்டது. இனிச் சொந்தத் துப்பாக்கி வேண்டும். இரண்டு துப்பாக்கிகள் விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்று பெயர்பெற்ற குழல் புதிதாகப் பொருத்தப்பட்டது. மற்றொன்று சாதாரணக் குழலுடையது, விலையில் ஏறத்தாழ பாதி. புகைப்படம் முதலாவதைச் சேர்ந்தது, விற்பவர் அனுப்பியது. விலை வித்தியாசத்துக்காக அவள் தந்தை வீட்டு நகையை அடகு வைக்க ஆயத்தமாகிவிட்டார் என்பதும் பேச்சில் தெரியவந்தது.

அவளுக்குப் பதில் எழுத அமர்ந்தேன். எழுத எழுத, அந்தப் பதில் அவளுக்கு மட்டும் உரியதன்று என்று தோன்றியது. துல்லியமான கருவியைத் தேர்வதற்கு நாம் எத்தகைய சான்றை ஏற்கிறோம் என்பதே அதன் பொருள். ஆய்வுக்கூடங்களில் உழலும் நம் எல்லோருக்கும் அதில் பங்குண்டு. ஆகவே இங்கே பதிகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூன்று குண்டுகளைக் கொண்டு குழலைத் தேர்வது, தேர்வே அன்று, நல்ல குழல் எது என்பதைப் புகழும் விலையும் புகைப்படமும் முடிவு செய்ய இயலாது, விலகிப்போன குண்டுகளையும் சேர்த்து எண்ணிய நீண்ட சோதனையே முடிவு செய்யும்.

குழலைப் பற்றி முறையாகச் சிந்தித்த முன்னோடிகளில் ஒருவர் நம் கடலூர் மண்ணில் மறைந்தவர் என்பதை நம்மில் பலர் அறியோம். பெஞ்சமின் ராபின்ஸ், 1707-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்த கணிதவியலாளர். 1742-இல் அவர் வெளியிட்ட பீரங்கியியல் நூல் எறிபொருள் இயலையே மாற்றியமைத்தது. ஆய்லர் அதனை ஜெர்மன் மொழியில் பெயர்த்து விரிவான உரையும் எழுதினார். பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக நியமனம் பெற்று, 1750-இல் தமிழகக் கரைக்கு வந்தார். சென்னைக் கோட்டையையும் கடலூருக்கு அருகே தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டையையும் வலுப்படுத்துவது அவருக்கு இடப்பட்ட பணி. ஓராண்டுக்குள் காய்ச்சல் கண்டு, 1751 ஜூலையில் அந்தக் கோட்டையிலேயே உயிர்நீத்தார்.

அவர் எழுப்பிய வினா எளிமையானது. ஒரே துப்பாக்கி, ஒரே அளவு மருந்து, ஒரே குறி; ஆயினும் குண்டுகள் ஏன் வெவ்வேறு திசைகளில் விலகுகின்றன? காற்றும் கைநடுக்கமுமே காரணம் எனப் பிறர் விட்டுவிட்ட இடத்தில் அவர் நின்று பார்த்தார். வழவழப்பான குழலுக்குள் உருண்டைக் குண்டு ஏதேனும் ஒரு பக்கச் சுவரில் உராய்ந்து, தாறுமாறான ஒரு சுழற்சியைப் பெற்றுக்கொண்டு வெளியேறுகிறது. அந்தச் சுழற்சியே அதனை வளைத்துச் செல்கிறது என்றார். இதை மெய்ப்பிக்க, ஒரு துப்பாக்கிக் குழலின் வாய்ப்பகுதியை இடப்புறமாகச் சற்று வளைத்தார். பாதையில் வரிசையாக மெல்லிய தாள் திரைகளை நிறுத்திச் சுட்டார். இடப்புறமாகப் புறப்பட்ட குண்டு போகப்போக வலப்புறம் திரும்பியதைத் திரைகளின் துளைகள் காட்டிக்கொடுத்தன. குழலின் சுவரில் அது எப்பக்கம் உராய்ந்ததோ, அதற்கேற்ற சுழற்சி; அந்தச் சுழற்சிக்கேற்ற வளைவு.

சுழற்சியைத் தவிர்க்க முடியாது. ஆனால் அதனை ஒழுங்குபடுத்த முடியும். குழலின் உட்புறத்தில் ரைஃபிளிங் எனப்படும் சுருள் பள்ளங்களை வெட்டினால், ஒவ்வொரு குண்டும் தன் பயணத் திசையையே அச்சாகக் கொண்டு ஒரே வகையில் சுழன்று வெளியேறும். இத்தகைய குழல்கள் அவருக்கு முன்பே இருந்தன. அவை ஏன் நேராகச் சுடுகின்றன என்பதைத் தெளிவாக விளக்கியது அவருடைய 1747-ஆம் ஆண்டுக் கட்டுரை. துல்லியம் என்பது பிழையே இல்லாத நிலையன்று, எல்லாக் குண்டுகளுக்கும் ஒரே வகையான நடத்தையைக் கொடுப்பது என்னும் கருத்து அங்கே தொடங்குகிறது.

மைசூர் நாட்டிலிருந்தே இதற்கு மறுபக்கச் சான்று ஒன்று உண்டு. ஹைதர் அலியும் திப்புவும் பயன்படுத்திய ஏவுகணைகளின் சிறப்பு அவற்றின் இரும்புக் குழாய். காகித அட்டைக் குழாயைவிட மிகுதியான அழுத்தத்தை அது தாங்கியதால், அவை நெடுந்தொலைவு பாய்ந்தன. 1780-இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கம்பெனிப் படையைக் கலங்கடித்தவை அவை. ஆனால் ஒற்றை ஏவுகணை எங்கே விழும் என்பதை எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. கூட்டமாக ஏவுவதே அவற்றின் பலம். அவற்றைப் பார்த்து காங்கிரீவ் இங்கிலாந்தில் உருவாக்கிய ஏவுகணைகளுக்கும் அந்தக் குறை தொடர்ந்தது. 1840-களில் வில்லியம் ஹேல் ஏவுகணையையே சுழலச் செய்த பிறகுதான் நீண்ட கழி தேவையற்றதாயிற்று. உறுதியான குழல் தொலைவைத் தரும். துல்லியத்தைத் தர அது மட்டும் போதாது.

குழல் தேர்வின் வரலாற்றில் மற்றொரு பாடமும் உண்டு. 1857-இல் ஹைத் என்னுமிடத்தில் நடந்த சோதனையில், ஜோசப் விட்வொர்த்தின் அறுகோணத் துளைக் குழல், பிரித்தானியப் படையின் என்ஃபீல்டுக்கு எதிராக நிறுத்தப்பட்டது. 500 கஜத்தில் என்ஃபீல்டின் சராசரி விலகல் 2.25 அடி, விட்வொர்த்தினுடையது 0.37 அடி. ஆறு மடங்கு வேறுபாடு! ஆயினும் படை அதனை ஏற்கவில்லை. விலை ஒரு காரணம்; கருமருந்தின் கசடு அந்தக் குறுகிய துளையில் விரைவாகப் படிந்து அடைத்ததும் ஒரு காரணம். துடைத்த குழலில் கிடைத்த துல்லியம், தொடர்ந்து சுடும்போது நிலைக்கவில்லை. முதல் சில குண்டுகளின் நடத்தையைக் கொண்டு ஐம்பதாவது குண்டின் நடத்தையைச் சொல்லிவிட முடியாது.

இனி இன்றைய குழலுக்கு வருவோம். நெடுந்தொலைவு இலக்குக் குழலில் பார்க்க வேண்டியவை சிலவே. முதலாவது முறுக்கு: எத்தனை அங்குலத்தில் பள்ளம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது என்பது. குண்டு நீண்டதாக நீண்டதாக, முறுக்கு நெருக்கமாக வேண்டும். 1879-இல் கிரீன்ஹில் கொடுத்த எளிய சூத்திரப்படி, குண்டின் விட்டத்தின் வர்க்கத்தை 150-ஆல் பெருக்கி, நீளத்தால் வகுக்க வேண்டும். 0.22 தோட்டாவின் ஈயக்குண்டு 0.224 அங்குல விட்டமும் ஏறத்தாழ 0.45 அங்குல நீளமும் உடையது. விடை பதினாறு பதினேழு அங்குலம் வரும். உலகெங்கும் 0.22 குழல்களுக்கு 16 அங்குல முறுக்கு வழக்கமாக இருப்பது தற்செயல் அன்று. ஆயிரம் கஜத்துக்குச் சுடும் 6.5 மில்லிமீட்டர் நீள்குண்டுக்கு 8 அங்குலம் வேண்டியிருக்கும்.

இரண்டாவது, துளையின் ஒருசீர்மை: தொடக்கம் முதல் வாய்வரை விட்டம் மாறாதிருத்தல், மாறினாலும் வாயை நோக்கிச் சற்றே குறுகலாம், அகலக் கூடாது. மூன்றாவது, குழல்வாயின் விளிம்பு. குண்டு கடைசியாகத் தொட்டு விடைபெறும் இடம் அது. அங்கே ஒரு பக்கம் மட்டும் சிறு வடு இருந்தாலும், வெளியேறும் வாயு ஒருபுறமாகக் குண்டைத் தள்ளிவிடும். நான்காவது, தோட்டா அமரும் அறை துளையின் அச்சோடு நேராக வெட்டப்பட்டிருத்தல். பள்ளத்தை வெட்டி எடுத்தார்களா, கடினமான பொத்தானை இழுத்து அழுத்தினார்களா, சம்மட்டியடியால் உருவாக்கினார்களா என்பதில் சுடுநரிடையே ஓயாத வாதம் உண்டு. மூன்று வழியிலும் மிகச் சிறந்த குழல்கள் வந்திருக்கின்றன, மோசமானவையும் வந்திருக்கின்றன. செய்முறையின் பெயரைவிட, செய்தவர் எவ்வளவு பொறுமையாக அளந்தார் என்பதே பெரிது.

இவையெல்லாம் சரியாக இருந்தும் இரண்டு குழல்கள் ஒன்றுபோல் சுடுவதில்லை. அதிலும் 0.22-இல் ஒரே குழல், ஒரே ஆலையின் ஒரே வகைத் தோட்டாவின் வெவ்வேறு தயாரிப்புத் தொகுதிகளோடு வெவ்வேறாக நடந்துகொள்ளும். அதனால்தான் உலகப் போட்டியாளர்கள் தம் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பர்மிங்ஹாமில் உள்ள எலி ஆலைக்கோ, ஜெர்மனியின் ஷோனபெக்கில் உள்ள லாப்புவா சோதனைக் கூடத்துக்கோ செல்கிறார்கள். அங்கே துப்பாக்கியை இடுக்கியில் பொருத்தி, தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்த்துத் தோட்டா வாங்குகிறார்கள். ‘இந்தக் குழல் நல்லதா?’ என்ற கேள்வியே அரைக்கேள்விதான். எந்தத் தோட்டாவோடு, எத்தனை குண்டுகளில் என்பது மற்ற அரை.

இப்போது அந்தப் புகைப்படத்துக்குத் திரும்புகிறேன். ஒரு குழலும் அதன் தோட்டாவும் சேர்ந்து, கிடைமட்டத்திலும் செங்குத்திலும் தலா 3 மில்லிமீட்டர் திட்ட விலக்கத்தோடு குண்டுகளைப் பரப்புகின்றன என்று கொள்வோம். பரவல் இயல்நிலைப் பரவல் என்றும் கொள்வோம். மூன்று குண்டுகள் சுட்டால், மிகத் தொலைவிலுள்ள இரு துளைகளின் மையங்களுக்கு இடைப்பட்ட தூரம் சராசரியாக 7.2 மில்லிமீட்டர். பத்துக் குண்டுகள் சுட்டால் அதுவே 11.4 மில்லிமீட்டர். குழல் மாறவில்லை, தோட்டா மாறவில்லை. எண்ணிக்கை மட்டுமே மாறியது. ஆகவே எத்தனை குண்டு என்று சொல்லாமல் ‘இத்தனை மில்லிமீட்டர்’ என்று சொல்வது பொருளற்றது.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. மூன்று குண்டுத் தொகுதியின் அளவு சராசரியிலேயே நில்லாது. நான்கரை மில்லிமீட்டரிலிருந்து பத்து மில்லிமீட்டர் வரை வெகு இயல்பாக ஊசலாடும். பத்து முறை மூன்று மூன்றாகச் சுட்டு, அவற்றுள் மிகச் சிறியதை மட்டும் படமெடுத்தால், அது சராசரியில் ஏறத்தாழ பாதியாக இருக்கும். எவரும் பொய் சொல்லவில்லை. அந்த மூன்று துளைகளும் உண்மையாகவே சுடப்பட்டவை. எஞ்சிய ஒன்பது தாள்கள் குப்பைக்கூடையில் இருக்கின்றன, அவ்வளவே. சராசரிக் குழல் ஒன்று அற்புதக் குழலாக மாறுவதற்கு இந்தக் குப்பைக்கூடை போதும்.

ஒரு குழலைவிட மற்றொன்று பத்து விழுக்காடு மேலானது என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல எத்தனை குண்டுகள் வேண்டும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்: குழலுக்கு ஏறத்தாழ இருநூறு. 0.22 குழலுக்கு இது சுமையன்று. அது பல்லாயிரம் குண்டுகளைத் தாங்கும், இருநூறு என்பது நான்கு பெட்டித் தோட்டா. ஆனால் நெடுந்தொலைவுக்கான சில அதிவேகத் தோட்டாக்களில், குழலின் தொண்டைப் பகுதி ஏறத்தாழ ஆயிரம் குண்டுகளிலேயே அரித்துப் போய்விடுகிறது. அங்கே உறுதி பெறுவதற்காகக் குழலின் ஆயுளில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவிட வேண்டும். அறிவதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுக்க விரும்பாதவர் ‘எனக்கு உறுதியாகத் தெரியாது’ என்று சொல்லலாம், அது குற்றமன்று. மூன்று துளையைக் காட்டி உறுதி என்று விற்பதே குற்றம்.

நகையை அடகு வைக்க முனைந்த தந்தைக்கு இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. பிழைகள் நேராகக் கூடுவதில்லை. அவற்றின் வர்க்கங்களே கூடுகின்றன. பயில்பவள் ஒருத்தியின் கையும் மூச்சும் கண்ணும் சேர்ந்து 6 மில்லிமீட்டர் விலக்கம் தருகின்றன; குழல் 3 மில்லிமீட்டர் தருகிறது என்போம். மொத்தம் 6.7. விலையுயர்ந்த குழல் வந்து 3 என்பது 2.5 ஆனால் மொத்தம் 6.5. மூன்று விழுக்காடு முன்னேற்றம். அதே பெண் பழைய குழலோடு பயின்று தன் 6-ஐ 5 ஆக்கினால் மொத்தம் 5.8, பதின்மூன்று விழுக்காடு. ஆனால் 2 மில்லிமீட்டருக்குள் தன் கையை அடக்கிவிட்ட ஒரு வாகையருக்கு அதே குழல் மாற்றம் பதினொரு விழுக்காடு தரும். ஐம்பது மீட்டர் இலக்கின் பத்துப்புள்ளி வளையம் 10.4 மில்லிமீட்டர் அகலமே உடையது என்பதை நினைவிற்கொண்டால், அந்தப் பதினொன்று பதக்கத்துக்கும் வெறுங்கைக்கும் இடையிலான தூரம். ஆகவே சிறந்த குழல் வீண் என்று நான் சொல்லவில்லை. அது எவருக்கு எப்போது வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு என்கிறேன்.

நம் நாட்டில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையானது. 0.303 போன்ற படைத்துறை அளவுகள் பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டவை. அதனால்தான் இச்சாப்பூர் ஆலை 0.315 என்னும் தனி அளவில் துப்பாக்கி செய்து விற்றது. ஆயிரம் கஜ இலக்குச் சுடுதல் இங்கே மிகச் சிலருக்கே வாய்க்கிறது. நம் பிள்ளைகள் பெரும்பாலும் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கியிலும் ஐம்பது மீட்டர் 0.22-இலும்தான் வளர்கிறார்கள். ராபின்ஸ் மறைந்து 248 ஆண்டுகள் கழித்து அதே கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், அரை மில்லிமீட்டர்ப் புள்ளியைப் பத்து மீட்டரிலிருந்து குறிவைத்தே இரண்டு ஒலிம்பிக்குகளுக்குச் சென்றார். வெளிநாட்டுக் குழலும் தோட்டாவும் எளிதில் கிடைக்காத, கிடைத்தாலும் கடன்பட்டு வாங்க வேண்டிய நாட்டில், பொய்யான உறுதி ஒரு குடும்பத்தின் மீது விழும் சுமையாகிறது.

மறுப்புகள் வரும். ‘முப்பது ஆண்டு சுட்டவனுக்குக் கையிலெடுத்ததுமே தெரியும்’ என்பார்கள். அனுபவத்தை நான் மதிக்கிறேன். பெயர்பெற்ற பட்டறையின் குழல் நன்றாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமே; பலர் நெடுங்காலம் பெற்ற அனுபவம் அந்தப் பெயரில் சேர்ந்திருக்கிறது. அது தொடக்க நம்பிக்கை. ஐயத்தோடு ஏற்க வேண்டியது. சோதனை வந்த பின்னும் அதையே பிடித்துக்கொண்டிருப்பது அறிவன்று. ‘விலகிய குண்டு சுட்டவனின் தவறு, குழலின் தவறன்று’ என்றும் சொல்வார்கள். சுடுநர் ‘ஃப்ளையர்’ என்று தள்ளிவிடும் அந்த ஒற்றைத் துளையைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். சுடும் கணத்திலேயே, துளையைப் பார்க்கும் முன்பே ‘கை அசைந்தது’ என்று சொன்னால் ஏற்கலாம். துளையைப் பார்த்த பிறகு சொன்னால், அது விளக்கமன்று, விருப்பம்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்பதையும் மறைக்கலாகாது. ஆய்வின் முதலாண்டில் வார்ப்பு உலோகத் துண்டுகளை இழுத்து முறிக்கும் சோதனை செய்தேன். பன்னிரண்டு துண்டுகளில் இரண்டு, மற்றவற்றைவிட மிகக் குறைந்த விசையிலேயே முறிந்தன. ‘சோதனைப் பிழை’ என்று ஏட்டின் ஓரத்தில் எழுதி, பத்தை மட்டும் வரைபடத்தில் இட்டேன். வரைபடம் அழகாக இருந்தது. எவரும் கேட்கவில்லை. எட்டு மாதம் கழித்து, வேறு காரணத்துக்காக அந்த இரண்டையும் அறுத்துப் பார்த்தபோது உள்ளே நுண்துளைகள். வார்ப்பின் குறை அங்கேதான் எழுதப்பட்டிருந்தது. நான் தள்ளிவிட்ட இரண்டு துண்டுகளே உண்மையைச் சொல்லியிருந்தன. எட்டு மாத உழைப்பைத் திரும்பச் செய்தேன். அன்று முதல் என் குறிப்பேட்டில் எந்த எண்ணையும் காரணமின்றி அடிப்பதில்லை. அடித்தால் அடித்ததையும் கட்டுரையில் சொல்கிறேன்.

நம் ஆய்வேடுகளில் ‘மாதிரிப் படம்’ என்று அச்சாகும் நுண்ணோக்கிப் படங்களில் எத்தனை உண்மையில் மாதிரிகள், எத்தனை பத்தில் சிறந்தவை? கருவி வாங்கும் குழுக்களில் நாம் விற்பவரின் மூன்று துளைகளைப் பார்த்துக் கையொப்பமிடுகிறோமா, நம் மாதிரியைக் கொடுத்து இருநூறு முறை அளந்து காட்டச் சொல்கிறோமா? குழலுக்குக் கேட்க வேண்டிய கேள்வியை நம் கட்டுரைகளுக்கும் கேட்போம். மாணவர்கள் இதனை மேற்பார்வையாளரிடம் கேட்கத் தயங்குவார்கள் என்பதை அறிவேன். மேற்பார்வையாளர்களே முதலில் கேட்டால் அந்தத் தயக்கம் குறையும்.

தமக்கை மகளுக்கு நான் எழுதியது சுருக்கமே. இரண்டு துப்பாக்கிகளையும் ஒரே நாளில், ஒரே தொகுதித் தோட்டாவோடு, மணல்மூட்டையில் தாங்கிச் சுட்டுப் பார்க்க அனுமதி கேள். இருநூறு முடியாவிட்டால் ஐம்பதாவது சுடு. மாற்றி மாற்றிச் சுடு. ஒன்று காலையிலும் மற்றொன்று காற்றெழுந்த பின்னும் என்று வேண்டாம். எல்லாத் துளைகளையும் அள, எதையும் விடாதே. ஐம்பதில் பெரிய வேறுபாடு மட்டுமே தெரியும். அப்படித் தெரியாவிட்டால் மலிவானதை வாங்கு, மிச்சத்தைத் தோட்டாவுக்கும் பயிற்சிக்கும் செலவிடு. விற்பவர் சுட்டுப் பார்க்க மறுத்தால், அந்த மறுப்பையும் ஒரு சான்றாக எடுத்துக்கொள்.

நேற்றிரவு பதில் வந்தது: “ஐம்பதுக்கு ஒருவர் ஒத்துக்கொண்டார், மாமா. படம் அனுப்பியவர் இன்னும் பதில் சொல்லவில்லை. அப்பா நகையைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டார்.”

ஞாயிறன்று சுடுகிறாள். ஐம்பது துளைகளின் அளவையும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அவள் இசைந்தால், விலகியவற்றையும் சேர்த்து இங்கேயே பதிவேன்.